அடிக்கடி மயக்கம் போட்டு விழுவது எதனால்?

அடிக்கடி மயங்கி விழ என்ன நோய் காரணம் என்று கேட்டிருக்கிறீர்கள். மூளைக்குப் போகும் ரத்தம் சில நொடிகள் குறைந்தாலே போதும், ஆள் விழுந்துவிடுவார். அது ஏன் குறைகிறது என்பதுதான் கேள்வி.

பெரும்பாலும் நரம்பு சார்ந்த சாதாரண மயக்கம்தான். வெகுநேரம் நிற்பது, வெக்கை, வலி, ரத்தத்தைப் பார்ப்பது, இதிலெல்லாம் இதயத் துடிப்பும் ரத்த அழுத்தமும் சட்டென இறங்கும். வேர்க்கும், குமட்டும், கண் இருட்டும், அப்புறம் விழுவார்கள். அந்த அறிகுறி தெரிந்தவுடனே படுத்துக் காலை உயர்த்திக்கொண்டால் பல சமயம் விழாமலே தப்பிக்கலாம்.

எழுந்து நின்றதும் தலை சுற்றினால் படுத்தும், நின்று 3 நிமிடத்துக்குள்ளும் பிரஷர் பாருங்கள். மேல் அளவு 20 குறைந்தால் நீர்ச்சத்துக் குறைவோ பிரஷர் மாத்திரையோ காரணமாக இருக்கலாம், ஆனால் மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். ரத்தசோகையும், சர்க்கரை நோயாளிகளுக்குச் சர்க்கரை 70-க்குக் கீழே இறங்குவதும் உண்டு. நாக்கைக் கடித்துக்கொண்டு, விழித்த பிறகும் வெகுநேரம் குழப்பமாக இருந்தால் அது வலிப்பாக இருக்கலாம்.

எனக்குப் பயம் இதயக் கோளாறுதான். ஓடும்போதோ, படுத்திருக்கும்போதோ, எந்த முன்னறிகுறியும் இல்லாமலோ மயங்கினால், அல்லது குடும்பத்தில் யாராவது இளவயதில் திடீரென இறந்திருந்தால், தள்ளிப்போடாமல் அன்றைக்கே மருத்துவரிடம் போய் இசிஜி எடுத்துவிடுங்கள்.