மேஜைக்கு அடியில் யார் இருந்தது?

அன்புள்ள அம்மாவுக்கு,

எனக்கு 31 வயது. கரூர் பக்கம் எங்கள் வீடு. கீழ்த்தளத்தில் நான்கு பவர் மிஷின் போட்டு, ஜன்னலுக்கு மாட்டும் ரோமன் பிளைண்ட் (கயிற்றை இழுத்தால் மடிப்பு மடிப்பாக மேலே ஏறும் துணித் திரை) தைத்துக் கொடுக்கிறேன். கோவையிலும் பெங்களூரிலும் அபார்ட்மென்ட்களுக்கு இன்டீரியர் வேலை எடுப்பவர்கள் ஆர்டர் தருகிறார்கள். மூன்று பெண்கள் என்னிடம் வேலை செய்கிறார்கள். கணவர் பஸ் பாடி கட்டும் கம்பெனியில் இருக்கிறார். மூன்றரை வயதில் ஒரு மகள். அவளால் எனக்கு ஒரு தொந்தரவும் கிடையாது. வெட்டிப்போட்ட கயிற்றை மாலையாகப் போட்டுக்கொண்டு, மிஷின் மேஜைக்கு அடியிலேயே கல்யாணப்பொண்ணு விளையாட்டு விளையாடிக்கொண்டிருப்பாள்.

போன மாதம் டெய்லர் அக்கா ஒருவருக்கு ஊசி விரலில் இறங்கிவிட்டது. "நூல் கோக்கும்போது மிஷின் தானாக ஓடியது, நான் பெடலை மிதிக்கவே இல்லை" என்று சாதிக்கிறார். பத்து வருட அனுபவம் உள்ளவர் இப்படிப் பொய் சொல்வது வேதனையாக இருக்கிறது. அதிலிருந்து வேலைக்கும் வருவதில்லை. மாமியாரோ பட்டறையை மூடு என்று தினமும் சொல்கிறார். அடுத்த தெருவில்தான் இருக்கிறார். மத்தியானம் வாசலில் வந்து நின்று குழந்தையைக் கேட்பார், நான் அனுப்புவதில்லை. வேலை செய்கிறவர்களை எப்படிக் கவனமாக இருக்க வைப்பது? மாமியார் வாயை எப்படி அடைப்பது?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

மகளே,

நீ கேட்டது இரண்டு கேள்வி. நான் திரும்பத் திரும்பப் படித்தது நீ கேட்காத ஒரு வரியை. உன் மகள் கயிற்றைக் கழுத்தில் போட்டுக்கொண்டு மிஷின் மேஜைக்கு அடியில் விளையாடுகிறாள். அதைத் "தொந்தரவு கிடையாது" என்ற கணக்கில் எழுதியிருக்கிறாய். அடுத்த பத்தியில், மிஷின் தானாக ஓடியதாகச் சொல்கிற பெண்ணைப் பொய்க்காரி என்கிறாய். இந்த இரண்டையும் ஒரே கையால் எழுதியிருக்கிறாய். பெடல் எங்கே இருக்கிறது என்று ஒரு நிமிடம் யோசித்தாயா?

மேஜைக்கு அடியில் இருக்கிறது. தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில், மூன்று வயதுக் குழந்தை முழங்கையை ஊன்றிக்கொள்ளத் தோதான அகலத்தில் இருக்கிறது.

உன் மிஷின்களில் என்ன மோட்டார் என்று நீ எழுதவில்லை. பழைய மிஷினாக வாங்கியிருந்தால் பெரும்பாலும் கிளட்ச் மோட்டாராக இருக்கும். சுவிட்ச் போட்டதிலிருந்து அது சுற்றிக்கொண்டேதான் இருக்கும். பெடலில் கொஞ்சம் அழுத்தம் விழுந்தாலும் போதும், அந்த வேகம் அப்படியே ஊசிக்குப் போகும். நிமிடத்துக்கு 4,000 தையலுக்கு மேல் போடக்கூடிய மிஷின் அது. ஊசிக்குக் கீழே விரல் இருக்கிற நேரத்தில் யாருடைய கை, கால், முதுகு பெடலில் பட்டாலும், மேலே உட்கார்ந்திருப்பவருக்கு அது "தானாக ஓடியது" என்றுதான் தெரியும். அவர் சொன்னதும் அதைத்தான்.

உன் மகள்தான் அழுத்தினாள் என்று நான் சாட்சி சொல்லவில்லை, நான் அங்கே இல்லை. அந்த அக்காவின் கால் அறியாமல் பட்டிருக்கலாம். பெடலை மோட்டாரோடு இணைக்கும் கம்பி தளர்ந்திருக்கலாம். ஆனால் நீ அங்கே இருந்தாய். குனிந்து பார்த்தாயா? பத்து வருடம் தைத்த பெண் சொல்வதை நம்பாமல், அவர் பொய் சொல்கிறார் என்று முடிவு கட்டுவது உனக்குச் சுலபமாக இருந்திருக்கிறது. ஏனென்றால் அவர் சொல்வது உண்மையானால், நீ பார்க்க வேண்டிய இடம் உன் மகள் உட்கார்ந்திருக்கிற இடம்.

இப்போது அந்தக் கயிற்றுக்கு வருகிறேன். நீ பண்ணுகிற தொழிலின் பெரிய ஆபத்து ஊசியில் இல்லை, கயிற்றில் இருக்கிறது. 2009 டிசம்பரில் அமெரிக்காவில், நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையமும் பிளைண்ட் தயாரிப்பாளர்களும் சேர்ந்து ரோமன் பிளைண்ட்களையும் சுருட்டி ஏற்றும் பிளைண்ட்களையும் திரும்ப அழைத்தார்கள். ஏதோ ஒரு கம்பெனியின் ஒரு மாடலை மட்டும் அல்ல. ஏறத்தாழ 5 கோடி பிளைண்ட்கள். பிளைண்ட்டின் பின்பக்கம் ரிங் வழியாக மேலே போகிறதே ஒரு கயிறு, அதற்கும் துணிக்கும் நடுவே சின்னக் குழந்தைகள் தலையை விட்டார்கள். இல்லையென்றால் அந்தக் கயிற்றை வெளியே இழுத்துக் கழுத்தில் சுற்றிக்கொண்டார்கள். அப்படித்தான் இறந்தார்கள்.

உன் மகள் மாலை போட்டுக்கொள்கிறாளே, அதே விளையாட்டு.

அந்த வயதில் உடம்போடு பார்த்தால் தலை கனம், கழுத்தில் பலம் போதாது, மூச்சுக்குழாய் மெல்லியது. கயிறு இறுகினால் பின்னால் நகர்ந்து விடுவித்துக்கொள்ளத் தெரியாது. கத்தவும் முடியாது. நாலு மிஷின் ஓடுகிற அறையில் குழந்தை கத்தினாலே கேட்காது, கத்தாத குழந்தையை நீ எப்படிக் கவனிப்பாய்? அதோடு உன் மேஜைக்கு அடியில் இன்னொன்றும் சுற்றுகிறது. மோட்டாரிலிருந்து மேலே போகிற பெல்ட். அதற்குக் கவர் போட்டிருக்கிறாயா, இல்லை பெல்ட் மாற்ற வசதியாக இருக்கட்டும் என்று கழற்றி மூலையில் வைத்திருக்கிறாயா? கழுத்தில் இருக்கிற கயிற்றின் நுனி அந்தப் பெல்ட்டில் மாட்டினால் என்ன ஆகும் என்பதை எழுத எனக்கு மனம் வரவில்லை. நீயே யோசி.

உன் கணவர் வேலை செய்கிற பஸ் பாடி பட்டறையில், வெல்டிங் நடக்கிற இடத்தில் மூன்றரை வயதுப் பிள்ளையை உட்கார வைப்பாரா? கேட்டுப் பார். சத்தம் போடுவார். பெண்கள் வேலை செய்கிற பட்டறை என்றால் மட்டும் அதை வீடு மாதிரி நினைக்கிறோம். துணியும் நூலும் இருக்கிற இடம் மெத்தென்று இருக்கும் என்று ஒரு நினைப்பு. தையல் கூடமும் பட்டறைதான் மகளே.

என் அம்மாவும் மிஷினில் தைத்துத்தான் எங்களை வளர்த்தார். நூல் கோக்கும்போதெல்லாம் இரண்டு காலையும் பெடலிலிருந்து எடுத்துத் தரையில் வைத்துக்கொள்வார். அது கால்மிஷின், மோட்டார்கூட இல்லை. அந்த ஒரு பழக்கத்தை உன் பட்டறையில் யாராவது சொல்லிக் கொடுத்திருந்தால் அந்த அக்காவின் விரல் தப்பியிருக்கலாம்.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். வேலை செய்கிறவர்களை எப்படிக் கவனமாக இருக்க வைப்பது என்கிறாய். கவனம் என்பது காலை ஒன்பது மணிக்கு இருக்கும், சாயங்காலம் ஐந்து மணிக்குக் குறையும். பீஸ் ரேட்டில் கூலி கொடுத்தால் இன்னும் சீக்கிரம் குறையும். அதனால் ஆளைத் திருத்துவதற்கு முன்னால் இடத்தைத் திருத்து. கிளட்ச் மோட்டாரை எடுத்துவிட்டு சர்வோ மோட்டார் போடு. மிதித்தால்தான் ஓடும், வேகத்துக்கும் அளவு வைக்கலாம். அதுவரைக்கும், நூல் கோக்கவோ ஊசி மாற்றவோ சுவிட்சை அணைக்க வேண்டும். அணைத்த பிறகும் மோட்டார் கொஞ்ச நேரம் சுற்றும். அதனால் கையை எடுத்துக்கொண்டு பெடலை ஒரு தடவை மிதித்து அந்த வேகத்தை இறக்கிவிட்டு, அப்புறம்தான் ஊசிப் பக்கம் விரல் போக வேண்டும். ஊசிக்கு முன்னால் வருகிற விரல் தடுப்புக் கம்பியை யாரும் கழற்றக் கூடாது.

ரோமன் பிளைண்ட் தைப்பது ஜாக்கெட் தைப்பது மாதிரி இல்லை என்று உனக்கே தெரியும். ஏழடி உயரத்துக்கு மேல்துணி, உள்ளே லைனிங், வெளிச்சத்தை அடைக்கும் பிளாக்அவுட் துணி போட்டால் இன்னும் கனம். அவ்வளவும் மேஜை விளிம்பில் தொங்கி இழுக்கும்போது, ராட் செருகும் பாக்கெட்டை நேராக ஓட்ட முடியாது. தையல் கோணாமல் இருக்க டெய்லர் என்ன செய்வார்? இடது கையை ஊசிக்குப் பக்கத்திலேயே கொண்டுபோய் அழுத்திப் பிடிப்பார். பாதி விபத்து அந்த இடத்தில்தான் காத்திருக்கிறது. மிஷின் மேஜையோடு சமமாக, இடது பக்கமும் பின்பக்கமும் பலகை போட்டுத் துணியின் பாரத்தைத் தாங்க வை. உன் கணவர் கை வைத்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை.

பிளாக்அவுட் துணியில் குண்டூசி குத்தாதே, ஓட்டை வழியாக வெளிச்சம் வரும், தரையிலும் ஊசி சிதறும். கிளிப் போடு. ஃபைபர் ராட் அறுக்கும்போது முகமூடி வேண்டும், அறுத்த முனையில் டேப் ஒட்ட வேண்டும். ஊசி உடைந்தால் எல்லாத் துண்டையும் தேடி எடுத்து ஒரு நோட்டில் ஒட்டி வை. உங்கள் ஊர் எக்ஸ்போர்ட் கம்பெனிகளில் வேலை பார்த்த யாரைக் கேட்டாலும் அந்த நோட்டைப் பற்றிச் சொல்வார்கள். ஒரு துண்டு குறைந்தால் அது துணிக்குள் இருக்கும், இல்லை யாருடைய விரலிலோ இருக்கும். விரலில் ஏறிய ஊசியைப் பட்டறையில் பிடுங்கக் கூடாது, ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும். அந்த அக்காவுக்கு எக்ஸ்ரே எடுத்தார்களா, டிடி ஊசி போட்டார்களா? உன் கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அவர் பொய் சொன்னதாக உனக்கு வந்த வேதனை மட்டும்தான் இருக்கிறது.

இன்னொன்று. நீ அனுப்புகிற பிளைண்ட் வேறொரு வீட்டு ஜன்னலில் தொங்கப்போகிறது. அங்கேயும் மூன்று வயதில் ஒரு குழந்தை இருக்கும். அமெரிக்காவில் 2018 கடைசியிலிருந்து, கடையில் ரெடிமேடாக விற்கிற பிளைண்ட் கயிறே இல்லாததாகவோ, கயிறு குழந்தைக்கு எட்டாததாகவோ இருக்க வேண்டும் என்று தயாரிப்புத் தரத்தை மாற்றிவிட்டார்கள். ஐரோப்பாவில் 2014-இல் திருத்திய விதிப்படி, பிளைண்ட்டின் பின்பக்கக் கயிற்றில் 6 கிலோ பாரம் விழுந்தாலே கழன்றுகொள்ளும் சின்ன கிளிப் இருக்க வேண்டும். கயிற்றைச் சுற்றி வைக்கும் கொக்கி தரையிலிருந்து ஒன்றரை மீட்டருக்குக் கீழே வரக் கூடாது. செயின் வைத்த மாடல் என்றால் அந்தச் செயின் தொங்காமல் சுவரோடு இழுத்துப் பொருத்தப்பட வேண்டும். இன்டீரியர்காரர் கேட்கவில்லை என்று நீ சும்மா இருக்காதே. குழந்தைகள் இருக்கிற வீட்டுக்குக் கயிறில்லாத மாடலைச் சொல். அது முடியாதென்றால் கழன்றுகொள்ளும் கிளிப் போடாமல் ஒரு பீஸும் வெளியே போகக் கூடாது. பிளைண்ட்டை ஏற்றி இறக்கும் கயிறுகளை ஒன்றாக முடிச்சுப் போட்டுத் தொங்கவிடுகிற வேலையை இன்றோடு நிறுத்து. கட்டிலையும் சோபாவையும் ஜன்னலை ஒட்டிப் போடாதீர்கள் என்று ஒரு சீட்டில் எழுதி ஒவ்வொரு பார்சலிலும் வை. தாயான நீ தைத்துக் கொடுக்கிற பொருள் இன்னொரு தாயின் வீட்டுக்குப் போகிறது. கூலி வாங்கியதோடு உன் பொறுப்பு முடிந்துவிடாது.

கடைசியாக மாமியார். பட்டறையை மூடு என்று அவர் சொல்வதை நான் ஏற்கமாட்டேன். நீ சம்பாதிக்க வேண்டும், உன்னை நம்பி மூன்று குடும்பம் இருக்கிறது. ஆனால் அவர் சொல்வதில் நீ காதில் வாங்காத பாதி ஒன்று இருக்கிறது. தினமும் மத்தியானம், கரூர் வெயிலில், அடுத்த தெருவிலிருந்து நடந்து வந்து பேத்தியைக் கேட்கிறார். உன்னோடு சண்டை போடுவதற்கு அவ்வளவு தூரம் வர வேண்டியதில்லை, வீட்டில் இருந்தே போடலாம். அந்த மேஜைக்கு அடியில் என்ன இருக்கிறது என்று அவர் பார்த்திருக்கிறார். உன்னிடம் சொல்லும் விதம் அவருக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். ஏன் அனுப்புவதில்லை என்று நீ காரணம்கூட எழுதவில்லை. அனுப்பினால் அவர் சொல்வது சரி என்று ஆகிவிடும் என்ற பயம் தவிர வேறு காரணம் எனக்குத் தோன்றவில்லை. உனக்கும் அவருக்கும் நடுவில் ஆயிரம் இருக்கலாம். அதைத் தீர்க்க வருடங்கள் இருக்கின்றன. அந்த வழக்கில் குழந்தையைப் பிணையாக வைத்திருக்க உனக்கு உரிமை இல்லை.

பட்டறை வாசலில் இடுப்பளவு உயரத்துக்கு ஒரு கதவு போடச் சொல் உன் கணவரை. தாழ்ப்பாள் குழந்தைக்கு எட்டாத இடத்தில் இருக்கட்டும். குழந்தையைப் பார்ப்பது உன் வேலை மட்டும் இல்லை என்பதை அவரிடமும் சொல். காலையில் அவர் கிளம்பும்போது மகளைத் தன் அம்மா வீட்டில் விட்டுவிட்டுப் போகட்டும், இரண்டு நிமிடம் ஆகும்.

இந்தப் பதிலைப் படித்த அன்றே அந்த அக்கா வீட்டுக்குப் போ. வேலைக்கு வராத நாட்களின் கூலியும் மருந்துச் செலவும் எடுத்துக்கொண்டு போ. "நான் குனிந்து பார்க்கவில்லை அக்கா" என்று சொல். அவர் திரும்பி வந்தாலும் வராவிட்டாலும் சொல். மறுநாள் மத்தியானம் உன் மாமியார் வாசலில் வந்து நிற்கும்போது, மிஷினை அணைத்துவிட்டு எழுந்து போ. மகள் கழுத்தில் இருக்கிற கயிற்றைக் கழற்று. தண்ணீர் ஒரு டம்ளர் கொடுத்து, குழந்தையைப் பாட்டி கையில் கொடுத்து அனுப்பு.