எது அனிமே? – கடிதமும் பதிலும்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

அனிமே எனப்படும் ஜப்பானிய இயங்குபடங்களைப் பற்றி நீங்கள் எழுதிவரும் கட்டுரைகளைத் தொடர்ந்து வாசிக்கிறேன். புதிதாகப் பார்க்கத் தொடங்குபவர்களுக்காகக் கல்லூரி நண்பர்கள் சிலர் சேர்ந்து ஓர் அனிமே பட்டியல் தயாரித்தோம். நான் சேர்த்த ‘அவதார்: தி லாஸ்ட் ஏர்பெண்டர்’ தொடரை, அது அமெரிக்கத் தயாரிப்பு, அனிமே ஆகாது என்று சொல்லி ஒரு நண்பர் நீக்கிவிட்டார். எனக்கு மனம் ஆறவில்லை. அதன் முகங்களும் சண்டைக் காட்சிகளும் அனிமே போலத்தானே இருக்கின்றன? ஜப்பானில் பிறந்தால்தான் அனிமேயா? அப்படியானால், 2025 ஜனவரியில் தமிழிலும் திரைக்கு வந்த ‘ராமாயணா: தி லெஜண்ட் ஆஃப் பிரின்ஸ் ராமா’ படத்தை என்னவென்று சொல்வது?

ச., திருச்சி

அன்புள்ள ச.,

உங்கள் நண்பர் எடுத்த முடிவு எனக்கும் உடன்பாடுதான். அதற்கு அவர் சொன்ன காரணத்தோடு உடன்பட முடியவில்லை. ஒரு படம் எந்த நாட்டில் வரையப்பட்டது என்பதோ, அதன் பாத்திரங்களுக்குக் கண் எவ்வளவு பெரியது என்பதோ இந்தக் கேள்வியைத் தீர்க்காது. படத்தின் முக்கியமான முடிவுகளை யார், எந்த வேலைமுறைக்குள் இருந்துகொண்டு எடுத்தார்கள் என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

நாட்டை அளவுகோலாகக் கொண்டால் என்ன ஆகிறது என்று பாருங்கள். டாப்கிராஃப்ட் என்ற ஜப்பானிய ஸ்டூடியோ, அமெரிக்காவின் ராங்கின்–பாஸ் நிறுவனத்துக்காக 1977இல் ‘தி ஹாபிட்’ படத்தையும் 1982இல் ‘தி லாஸ்ட் யூனிகார்ன்’ படத்தையும் வரைந்து கொடுத்தது. அதே ஸ்டூடியோவில்தான் 1984இல் ஜப்பானிய இயக்குநர் ஹயாவோ மியாசாகியின் ‘நௌசிக்கா’ உருவானது. முதல் இரண்டையும் அமெரிக்கப் படங்கள் என்கிறோம், மூன்றாவதை அனிமே என்கிறோம். இப்படிப் பிரிப்பதில் தவறேதும் இல்லை. மறுபக்கம், மியாசாகியின் ‘ஸ்பிரிட்டட் அவே’ படத்தில் (2001) வரைதல் வேலையின் ஒரு பகுதியைத் தென்கொரியாவின் டிஆர் மூவி ஸ்டூடியோ செய்தது. அதனால் அது கொரியப் படமாகிவிடவில்லை. ஜப்பானின் டோயேய் நிறுவனம் 1980களிலேயே பிலிப்பைன்ஸில் ஒரு ஸ்டூடியோ தொடங்கி, ஜப்பானியத் தொலைக்காட்சித் தொடர்களுக்கான ஓவியங்களை அங்கே வரையச் செய்தது. பிறந்த ஊரைத்தான் பார்ப்போம் என்று பிடிவாதம் பிடித்தால், நாம் ஐயமின்றி அனிமே என்று சொல்லும் தொடர்களில் பல தகுதி இழந்துவிடும்.

முக அமைப்பை வைத்து முடிவு செய்வதும் இப்படித்தான் போய் முடியும். அனிமேயின் முன்னோடியான ஜப்பானிய ஓவியர் ஒசாமு டெசுகா வரைந்த பெரிய கண்களே அமெரிக்காவின் டிஸ்னியிடமிருந்தும் ஃப்ளெய்ஷர் சகோதரர்களின் ‘பெட்டி பூப்’ படங்களிடமிருந்தும் வந்தவை என்பது எல்லோரும் அறிந்த செய்தி.

அப்படியென்றால் மிஞ்சுவது எது? 1963 ஜனவரி 1 அன்று ஃபுஜி தொலைக்காட்சியில் டெசுகாவின் ‘ஆஸ்ட்ரோ பாய்’ தொடங்கியபோது, வாரந்தோறும் அரைமணி நேர நிகழ்ச்சியை, செய்த செலவுக்கும் கட்டுப்படியாகாத விலைக்குத் தயாரித்துத் தர வேண்டிய கட்டாயம் அவருடைய முஷி ஸ்டூடியோவுக்கு இருந்தது. நொடிக்கு 24 சட்டகங்கள் (ஃபிரேம்கள்) ஓடும் படச்சுருளில் ஒவ்வொரு ஓவியத்தையும் மூன்று சட்டகங்களுக்கு நிறுத்தினார்கள். நொடிக்கு எட்டு ஓவியங்கள் போதுமானவையாயின. முகம் அசையாமல் நிற்க வாய் மட்டும் அசையும்; அந்த வாய்க்கும் மூடியது, பாதி திறந்தது, முழுதும் திறந்தது என மூன்றே வடிவங்கள். முன்பு வரைந்த ஓட்டத்தையும் பறத்தலையும் எடுத்துவைத்து மீண்டும் மீண்டும் பயன்படுத்தினார்கள். இந்தச் சிக்கனம் காலப்போக்கில் ஓர் அழகியலாக வளர்ந்தது: எங்கே அசைவை நிறுத்துவது, எந்த ஒரு நொடிக்காக மொத்த உழைப்பையும் சேமித்து வைப்பது என்று தீர்மானிப்பதுதான் இயக்குநரின் கலை என்றானது. அவர் வகுக்கும் ஸ்டோரிபோர்டு, அதாவது காட்சிகளை வரிசையாக வரைந்து காட்டும் திட்டப்படம், ஏறக்குறைய முடிந்த படத்துக்கு நிகரானது. அசைவின் முக்கிய நிலைகளை வரையும் முதன்மை ஓவியர்களின் கைச்சாயல் காட்சிக்குக் காட்சி மாறித் தெரிவதும், ரசிகர்கள் அதை அடையாளம் கண்டு பெயர் சொல்வதும் இந்த மரபில் இயல்பாக நடக்கிறது. குரல்களைப் பெரும்பாலும் படம் வரைந்த பிறகே பதிவு செய்கிறார்கள். 1988இல் வந்த ‘அகிரா’ குரலை முன்கூட்டியே பதிவு செய்த படம் என்பதால், இந்த ஒரே கூறை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்துவிடக் கூடாது; இவையெல்லாம் சேர்ந்த ஒரு முழு வேலைமுறையைத்தான் நான் அனிமே என்கிறேன்.

2005இல் தொடங்கிய ‘அவதார்’ இந்த முறையில் உருவானதல்ல. மைக்கேல் டாண்டே டிமார்ட்டினோவும் பிரையன் கொனியெட்ஸ்கோவும் நிக்கலோடியன் தொலைக்காட்சிக்காக அமெரிக்காவில் எழுத்தாளர் குழுவோடு அமர்ந்து கதையை வகுத்தார்கள். நடிகர்களின் குரலை முதலில் பதிவு செய்து, ஸ்டோரிபோர்டுகளைத் தயாரித்து, அதன் பிறகே கொரிய ஸ்டூடியோக்களுக்கு அனுப்பினார்கள். அசைவைத் தீர்மானிக்கும் முதல் ஊற்று அங்கே நடிகரின் குரல்தான். வாய் அந்தக் குரலைப் பின்தொடர்கிறது. நீர், நிலம், நெருப்பு, காற்று ஆகிய நான்குக்கும் தனித்தனிச் சீனத் தற்காப்புக் கலையை அடிப்படையாகக் கொண்டு, ஒவ்வொரு பாத்திரத்தின் நிற்கும் நிலையையும் காலடி வைப்பையும் அதற்கேற்ப அமைத்த கவனம் அந்தத் தொடரின் தனிப்பெருமை. ஜப்பானிய அனிமேயிடமிருந்து அது நிறையக் கற்றுக்கொண்டிருக்கிறது என்பதில் ஐயமில்லை. ஆனால் அது அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடர்களின் வழியில் நின்று அவ்வழியையே உயர்த்திய படைப்பு. அதை அனிமே என்று அழைப்பதால் அதற்குப் புதிதாக எந்த மதிப்பும் சேரப்போவதில்லை. அனிமே என்பதை ஒரு பட்டம்போலக் கொடுப்பதும் பறிப்பதும்தான் உங்கள் நண்பர்களுக்கிடையே இந்த மனவருத்தத்தை உண்டாக்கியிருக்கிறது என்று நினைக்கிறேன்.

இந்த அளவுகோல் வேறிடங்களில் எப்படி நிற்கிறது என்றும் பார்த்துவிடலாம். ‘சோலோ லெவலிங்’ கொரிய இணைய நாவலாகப் பிறந்து, கொரியச் சித்திரத்தொடராக வளர்ந்து, 2024இல் ஜப்பானின் ஏ-1 பிக்சர்ஸ் ஸ்டூடியோவில் இயங்குபடமானது, அது அனிமேதான். டெக்சஸின் ரூஸ்டர் டீத் நிறுவனம் 2013இல் தொடங்கிய ‘ரூபி’ அனிமே அல்ல. அதே பாத்திரங்களைக் கொண்டு ஜப்பானின் ஷாஃப்ட் ஸ்டூடியோ 2022இல் எடுத்த தொடர் அனிமே.

நீங்கள் கேட்ட ராமாயணப் படம் இவற்றைவிடச் சிக்கலானது. எனக்கு மிகவும் நெருக்கமானதும்கூட. யூகோ சாகோ, கொய்ச்சி சசாகி, நம் நாட்டின் ராம் மோகன் ஆகிய மூவரும் இயக்கிய அந்தப் படம் ஜப்பானில் வரையப்பட்டது. வேட்டி எப்படிக் கட்டப்படுகிறது, பிள்ளைகள் பெரியோரிடம் எப்படி ஆசி பெறுகிறார்கள் என்பதையெல்லாம் இந்திய ஓவியர்கள் உடனிருந்து ஜப்பானிய ஓவியர்களுக்குக் கற்றுக்கொடுத்தார்கள். முதலில் ஆங்கில வசனத்தோடு உருவானது. இசை வன்ராஜ் பாட்டியாவுடையது. காட்சி வகுப்பும் அசைவும் ஜப்பானிய முறையில் அமைந்தவை என்பதால் அதைத் தயங்காமல் அனிமே என்பேன். அதே வேளையில், உடலசைவு பற்றிய முடிவுகளில் இந்தியருக்கும் பங்கிருந்ததால் அது இந்தியப் படமும் ஆகிறது. இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தாக வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை.

எனக்குத் தயக்கம் வருவது சீனப் படைப்புகளில்தான். லி ஹாவோலிங் இயக்கிய ‘டு பி ஹீரோ எக்ஸ்’ 2025இல், முன்பு ‘ஆஸ்ட்ரோ பாய்’ ஒளிபரப்பான அதே ஃபுஜி தொலைக்காட்சியிலேயே ஒளிபரப்பானது. வேலைமுறையிலும் ஜப்பானுக்கும் சீனாவுக்கும் இடையிலான தூரம் குறைந்துவருகிறது. ஆயினும் சீனர்களுக்கு வான் சகோதரர்களின் ‘இரும்பு விசிறி இளவரசி’ (1941) தொடங்கித் தனியாக ஒரு மரபு இருக்கிறது. சிறுவனாக அந்தப் படத்தைப் பார்த்துக் கிளர்ச்சியடைந்தவர்களில் டெசுகாவும் ஒருவர். டோயேய் 1958இல் வெளியிட்ட, ஜப்பானின் முதல் முழுநீள வண்ண இயங்குபடமான ‘ஹகுஜாதென்’ ஒரு சீனப் பழங்கதையை ஒட்டியது. கொடுத்தவரைக் கொண்டவரின் பெயரால் அழைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. ஆகவே அவற்றை அனிமே என்று சொல்லாமல் சீன இயங்குபடங்கள் என்றே சொல்லிவருகிறேன்.

உங்கள் பட்டியலின் இறுதியில் ‘இவற்றையும் பாருங்கள்’ என்று ஒரு பகுதி சேர்த்து, ‘அவதார்’ தொடரை அதில் முதலாவதாக வையுங்கள். உருவாக்கிய இரண்டு அமெரிக்கர்களின் பெயருக்குப் பக்கத்திலேயே, அதை வரைந்த ஜேஎம் அனிமேஷன், டிஆர் மூவி, மோய் அனிமேஷன் ஆகிய மூன்று கொரிய ஸ்டூடியோக்களின் பெயரையும் எழுதுங்கள். அமெரிக்கத் தொடரா ஜப்பானியச் சாயலா என்று இரு தரப்பும் வாதாடும்போது, தூரிகை பிடித்தவர்களை எவரும் நினைப்பதில்லை.