வெள்ளிக்கிழமை அந்தக் கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்

கேள்வி: கிழக்கு லண்டனில் இருக்கிறோம். கலியாணமாகிப் 16 வருடம், இரண்டு பிள்ளைகள். கணவருக்குத் தெருச் சந்தையில் மரக்கறிக் கடை. விடியற்காலையில் லெய்ட்டனில் உள்ள நியூ ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ் மொத்தச் சந்தைக்குப் போய்ச் சாமான் எடுப்பது முதல் மாலையில் கடையைக் கட்டுவது வரை நானும் கூடவே நிற்கிறேன். 'ஈஸ்ட்எண்டர்ஸ்' தொடரில் கஷ் என்ற சந்தை வியாபாரி சூதாட்டத்தில் விழுவதையும், கட்டிக்கொள்ளப் போகிறவளுக்குத் துரோகம் செய்வதையும் பார்த்து அழுதவள் நான். இப்போது அதே கதை என் வீட்டில். பெட்டிங் கடையிலும் போனிலுமாக 85,000 பவுண்ட் தோற்றிருக்கிறார். எதிர்க் கடைக்காரியோடு தொடர்பும் இருக்கிறது, வாட்ஸ்அப்பில் எல்லாம் பார்த்துவிட்டேன். அவர் தோற்ற காசைத் திரும்ப வாங்க முடியுமா? கடையில் பாதி எனக்கு வருமா? அந்தப் பெண்ணை ஒன்றும் செய்ய முடியாதா?

பதில்: சகோதரி, உங்கள் கடிதம் ஏழு பக்கம். ஆறு பக்கத்துக்கு மேல் அந்தப் பெண்ணும் அந்த 85,000மும்தான். சட்டப்படி முக்கியமான விஷயத்தை ஐந்தாம் பக்கத்தின் நடுவில் ஒரே வரியில் எழுதியிருக்கிறீர்கள்: அவர் பெயரில் உள்ள கடன்களை ஒன்றாக்க வீட்டின் மேல் 60,000 பவுண்ட் எடுக்கப் போகிறார், வெள்ளிக்கிழமைக்குள் நீங்களும் கையெழுத்துப் போட வேண்டும், அவருடைய அண்ணாவும் போடச் சொல்கிறார். என் பதில் அந்த ஒரு வரிக்குத்தான். போடாதீர்கள்.

நீங்கள் கேட்டவற்றை முதலில் முடித்துவிடுகிறேன். அந்தப் பெண்ணை ஒன்றும் செய்ய முடியாது. 2022 ஏப்ரல் 6 முதல் இங்கே விவாகரத்து மனுவில் யாருடைய குற்றத்தையும் எழுத இடமில்லை, காரணம் கேட்கும் கட்டமே படிவத்தில் கிடையாது. தொலைக்காட்சித் தொடரில் உண்மை வெளிப்படும் காட்சிதான் உச்சம், சந்தை முழுக்கக் கூடி நின்று பார்க்கும். குடும்ப நீதிமன்றத்தில் அப்படி ஒரு காட்சி வராது. அந்த வாட்ஸ்அப் படங்களை நீதிபதி பார்க்கவே மாட்டார். அவற்றைக் கோர்வைப்படுத்திக் கொடுக்க ஒரு சொலிசிட்டருக்கு மணிக்கணக்கில் காசு கட்டியவர்களை எனக்குத் தெரியும்.

85,000? நடத்தையைக் கணக்கில் எடுக்க 1973ஆம் வருட விவாகரத்துச் சட்டத்தின் 25ஆம் பிரிவில் இடம் உண்டு. மனம் போன போக்கில் அழித்த காசை அழித்தவரின் பங்கில் சேர்த்துக் கணக்கிடவும் முடியும். ஆனால் நீதிபதிகள் இதைச் செய்வது அபூர்வம். 2015இல் ஒரு வழக்கில் கணவர் கொக்கேய்னுக்கும் விலைமாதருக்கும் பெருந்தொகையைக் கொட்டியிருந்தார், அதையே சேர்த்துக் கணக்கிட நீதிபதி மறுத்துவிட்டார். உங்கள் விஷயத்தில் அதைவிட எளிய தடை ஒன்றும் இருக்கிறது. அந்தக் காசு இப்போது இல்லை. இல்லாத காசைப் பங்கு போட்டு இரண்டு பிள்ளைகளுக்கு வீடு பிடிக்க முடியாது. அதை விட்டுவிடுங்கள்.

சரி, கையெழுத்துக்கு வருகிறேன்.

வீடு 480,000 பெறும் என்கிறீர்கள், மோர்ட்கேஜ் 260,000, இருவர் பெயரிலும். ஆக மிச்சம் 220,000, உங்கள் பாதி 110,000. அவருடைய கடன் 62,000, எல்லாம் கார்டுகளும் வங்கிக் கடன்களும், எல்லாம் அவர் பெயரில் மட்டும். இங்கே மனைவி என்பதற்காகக் கணவனின் கடன் உங்கள் தலையில் ஏறாது. இன்றைய நிலையில் அந்த 62,000க்கும் உங்களுக்கும் சம்பந்தமில்லை. வெள்ளிக்கிழமை கையெழுத்து விழுந்த அந்த நிமிடம் 60,000 பவுண்டும் உங்கள் கடனாகிவிடும். உங்கள் பாதி 80,000 ஆகச் சுருங்கும். கூட்டாகவும் தனித்தனியாகவும் பொறுப்பு என்று அந்தப் பத்திரத்தில் ஒரு வரி இருக்கும். அவர் கட்டாவிட்டால் முழுவதையும் உங்களிடமே கேட்கலாம் என்பதுதான் அதன் பொருள், பாதியை அல்ல.

"கார்டுக் கடன் எல்லாம் ஒழிந்துவிடும், புதிதாகத் தொடங்கலாம்" என்று அவர் சொல்வதாக எழுதியிருக்கிறீர்கள். அவர் மனதார நம்பித்தான் சொல்கிறார் என்றே வைத்துக்கொள்வோம். 2020 ஏப்ரலிலிருந்து கிரெடிட் கார்டில் சூதாட முடியாது, உண்மைதான். சந்தைக்காரர்களிடம் நான் பார்ப்பது வேறு வழி. சாமானைக் கார்டில் எடுப்பார்கள், கடையில் விழுந்த ரொக்கத்தைப் பெட்டிங் கடைக்குக் கொண்டுபோவார்கள். கார்டுக் கடன் அடைந்தாலும் மறுபடி ஏறும். வீட்டின் மேல் எடுத்த 60,000 அப்படியே நிற்கும். இரண்டு வருடம் கழித்து இரண்டு கடனோடும் என் முன்னால் வந்து உட்கார்ந்த பெண்கள் ஒருவர் இருவர் அல்ல.

அப்புறம் ஒரு விஷயம். "எனக்கு இங்கிலீஷ் அவ்வளவு தெரியாது, அவர் சொன்ன இடத்தில் போட்டேன் என்று பிறகு சொல்லலாம்தானே" என்று கேட்டிருக்கிறீர்கள். 2001இல் எட்ரிட்ஜ் வழக்கில், அப்போது நாட்டின் உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபை ஒரு நடைமுறை வைத்தது. கணவனின் கடனுக்காக மனைவி வீட்டை ஈடு வைத்தால், கடன் கொடுப்பவர் அவளை ஒரு சொலிசிட்டரிடம் அனுப்பி, அவளுக்கு விளக்கியாயிற்று என்று கடிதம் வாங்க வேண்டும். பல பெண்கள் அந்தச் சந்திப்பைத் தங்களுக்கான பாதுகாப்பு என்று நினைக்கிறார்கள். நடப்பில் அந்தக் கடிதம் கடன் கொடுத்தவரைத்தான் காப்பாற்றுகிறது. விளக்கம் கேட்டுவிட்டுப் போட்ட கையெழுத்தைப் பின்னால் அழுத்தத்தால் போட்டது என்று சொல்வது மிகக் கடினம். ஆகவே அந்தச் சந்திப்பில் தலையாட்டாதீர்கள். அண்ணாவையோ கணவரையோ மொழிபெயர்க்க விடாதீர்கள், வேறு ஆளைக் கேளுங்கள்.

இன்னும் மோசமானது, புரோக்கர் படிவத்தில் கடனுக்கான காரணம் என்று "வீட்டுத் திருத்த வேலை" என எழுதிவிடுவது. அப்படி எழுதினால் அது இருவருக்கும் பொதுவான கடன் போலத் தெரியும், கடன் கொடுப்பவர் சந்தேகப்பட வேண்டியதே இல்லை, உங்களைத் தனியாக யாரிடமும் அனுப்பவும் மாட்டார்கள். பொய்யான படிவத்தில் உங்கள் கையெழுத்தும் இருக்கும். 2025 ஜூனில் உச்ச நீதிமன்றம் வாலர்-எட்வர்ட்ஸ் வழக்கில் பெண்ணின் பக்கம் தீர்ப்பளித்தது: கூட்டுக் கடனில் ஒரு பகுதி துணைவரின் சொந்தக் கடனை அடைக்கப் போகிறது என்று கடன் கொடுப்பவருக்குத் தெரிந்தால், அந்தப் பகுதி சொற்பமாக இல்லாதவரை, அவர் எட்ரிட்ஜ் நடைமுறையைப் பின்பற்றியே ஆக வேண்டும். நல்ல தீர்ப்பு, நான் சந்தோஷப்பட்டேன். ஆனால் அந்தக் கடன் எடுத்தது 2013இல். கீழே மூன்று நீதிமன்றங்களில் அந்தப் பெண் தோற்ற பிறகுதான் அது கிடைத்தது. அத்தனை வருடம் இழுபட உங்களிடம் காசும் இல்லை, தேவையும் இல்லை. இப்போது போடாமல் இருப்பதற்குச் செலவே கிடையாது.

நீங்கள் போடாவிட்டால் அவர் என்ன செய்வார்? மனைவியின் கையெழுத்தைத் தாங்களே போட்டுப் பார்ப்பவர்களும் உண்டு. இன்றைக்கே லேண்ட் ரெஜிஸ்ட்ரியின் 'ப்ராப்பர்ட்டி அலர்ட்'டில் வீட்டைப் பதியுங்கள், காசில்லை. யாராவது வீட்டின் மேல் எதையாவது ஏற்ற முயன்றால் உங்களுக்கு மின்னஞ்சல் வரும். கூட்டுக் கணக்கின் ஓவர்டிராஃப்டும் இருவரின் கடன்தான், வங்கியிடம் சொல்லி இருவர் சம்மதமில்லாமல் எடுக்க முடியாதபடி செய்யுங்கள்.

அடுத்த ஆபத்து எதிர்த் திசையிலிருந்து வரும், அதுதான் எனக்கு அதிகக் கவலை. ஊர்ப் பெரியவர்கள் பேசி, அவர் அழுது, "வீட்டை உன் பெயருக்கே எழுதித் தருகிறேன்" என்பார். பெரிய வெற்றி போலத் தோன்றும். நீதிமன்ற உத்தரவு இல்லாமல் அப்படி மாற்றினால் அது அன்பளிப்பு. ஒரு கடன்காரருக்கு 5,000 பவுண்ட் பாக்கி இருந்தாலே அவரைத் திவாலாக்க மனுப் போடலாம். திவாலானால், மனுவுக்கு முந்தைய ஐந்து வருடத்தில் அவர் கொடுத்த அன்பளிப்புகளை அறங்காவலர், அதாவது திவாலானவரின் சொத்தை எடுத்துக் கடன் கொடுத்தவர்களுக்குப் பிரித்துக் கொடுப்பவர், திரும்பக் கேட்கலாம். ஒரு பெண் இப்படி எழுதி வாங்கி, அந்தத் தைரியத்தில் தாலிக்கொடியைத் தவிர எல்லா நகையையும் விற்று மோர்ட்கேஜைக் குறைத்தார். மூன்றாம் வருடம் அறங்காவலரின் கடிதம் வந்தது. வீடும் விற்கப்பட்டது, நகையும் போயிற்று.

எதுவும் செய்யாமல் இருந்தாலும் இதே ஆபத்துதான். அவர் திவாலானால் அவருடைய பாதி அறங்காவலருக்குப் போகும். முதல் ஒரு வருடம் நீதிமன்றம் உங்களையும் பிள்ளைகளையும் யோசிக்கும். அதற்குப் பிறகு, மிக விதிவிலக்கான காரணம் இல்லாவிட்டால், கடன்காரர்களின் நலனே பெரிது என்று சட்டமே சொல்கிறது. பள்ளிக்கூடம் மாற வேண்டும், வேறு வீடு கிடைக்காது என்பவை விதிவிலக்கான காரணங்கள் ஆகாது.

நிற்கக்கூடியது ஒன்றுதான்: விவாகரத்து வழக்கில் நீதிமன்ற முத்திரையோடு வரும் சொத்து உத்தரவு. அப்படி வந்த பங்கை, கடன்காரர்களை ஏமாற்ற இருவரும் கூடிச் செய்த சதி என்று காட்டினாலொழிய, அறங்காவலரால் சாதாரணமாகத் திரும்ப எடுக்க முடியாது. 2007இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் இதைத் தெளிவாக்கிவிட்டது. ஆனால் விவாகரத்து இறுதி உத்தரவு வரும்வரை சொத்து உத்தரவு நடைமுறைக்கு வராது. மனுப் போட்டதிலிருந்து 20 வாரம், பிறகு 6 வாரம். இந்த 26 வாரத்துக்குள் அவர் மேல் திவால் உத்தரவு விழுந்தால் உங்கள் உத்தரவு வெறும் தாள். உங்கள் கடிதத்தில் "தைப்பொங்கல் கழியட்டும், மூத்தவளின் பரீட்சை முடியட்டும்" என்று இருக்கிறது. எதற்கும் காத்திருக்காதீர்கள்.

கடையில் பாதி கேட்பதைப் பற்றி. விடியற்காலை எழுந்து 12 வருடம் உழைத்தவர் நீங்கள், மனம் கேட்கும்தான். ஆனால் "நானும் இந்தக் கடையில் பங்காளி" என்று ஒரு கடிதத்தில்கூட எழுதிவிடாதீர்கள். பங்காளி என்றால் மொத்த வியாபாரிகளுக்குக் கடை வைத்திருக்கும் பாக்கிக்கும் நீங்கள் பங்காளிதான், 1890ஆம் வருடச் சட்டம் அப்படித்தான். பதிலுக்குக் கிடைப்பது என்ன? தராசு, கூடாரம், ஒரு பழைய வான். தெருக்கடை உரிமம் கவுன்சில் அந்த ஆளுக்குத் தனிப்பட்ட முறையில் கொடுப்பது. அதை விற்கவும் முடியாது, விவாகரத்தில் பங்கு போடவும் முடியாது. அவர் இறந்தாலோ, ஓய்வு வயதில் விலகினாலோ, உடல்நலம் கெட்டாலோதான் முன்பே பெயர் கொடுத்த உறவினருக்குப் போகும். சந்தையில் நிற்க ஆசை இருந்தால் உங்கள் பெயரில் புதிதாக விண்ணப்பியுங்கள்.

ஏலச் சீட்டு விஷயத்தையும் கடைசிப் பக்கத்தில் தொட்டிருக்கிறீர்கள். அவர் கழித்து எடுத்த சீட்டுக்கு ஆட்கள் வீட்டுக்கு வருகிறார்கள், நீங்கள் சமாதானம் சொல்லி அனுப்புகிறீர்கள். வாயால் "நான் பொறுப்பு" என்றால் உங்கள் மேல் வழக்குப் போட முடியாது, இன்னொருவர் கடனுக்கான பிணை எழுத்தில் இருந்தாக வேண்டும். ஆனால் மின்னஞ்சலும் எழுத்துதான் என்று நீதிமன்றம் ஏற்றிருக்கிறது. "அண்ணா, பயப்படாதீங்கோ, நான் கட்டுறன்" என்று வாட்ஸ்அப்பில் ஒரு வரி போட்டுவிட்டால், அதைத் தூக்கிக்கொண்டு ஒரு சொலிசிட்டர் வரக்கூடும். வருகிறவர்களிடம் "அவரிடம் கேளுங்கள்" என்பதோடு நிறுத்துங்கள். சூதாட்டக் கடன் சட்டப்படி செல்லாது என்று யாராவது தைரியம் சொன்னால் நம்பாதீர்கள், 2007 செப்டம்பரில் அந்தப் பழைய விதி போய்விட்டது.

இனி என் யோசனை. உங்களுக்குப் பிடிக்காது, ஆனாலும் சொல்கிறேன். சண்டை போடாமல் சமரசத்துக்குப் போங்கள், வீட்டை விற்றுவிடுங்கள். உங்கள் பகுதி நேரச் சம்பளத்தில் 260,000 மோர்ட்கேஜைத் தனியாகத் தாங்க எந்த வங்கியும் விடாது. விற்று மிஞ்சுவதில் மூன்றில் இரண்டு பங்கு கேளுங்கள், பிள்ளைகள் உங்களோடு இருப்பதால் அது நியாயமான கேள்வி. பதிலுக்கு மாதாமாதம் உங்களுக்கு என்று வரும் ஜீவனாம்சத்தை விட்டுக்கொடுங்கள். சூதாடுபவரின் மாதாந்தரக் காசு ஒருநாளும் நேரத்துக்கு வராது. பிள்ளைகளுக்கான காசு தனி, அதை விடாதீர்கள்.

அவருடைய பங்கு 70,000க்குச் சற்று மேல் வரும், அதில் அவர் கடனை அடைக்கலாம். "சூதாடியவனுக்கு அவ்வளவா" என்று உங்களுக்கு வயிறு எரியும், எனக்குப் புரிகிறது. ஆனால் கடன்காரர்கள் திருப்தியானால்தான் உங்கள் பங்கின் மேல் யாருக்கும் கண் விழாது. அவர் பங்கு அவர் கைக்குப் போகாமல், விற்பனையை நடத்தும் சொலிசிட்டரே கடன்களை நேரடியாக அடைக்கும்படி உத்தரவிலேயே எழுதச் சொல்லுங்கள். அதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். இருவருக்கும் இனி ஒருவர் மேல் ஒருவர் கோரிக்கை இல்லை என்ற பிரிவும் இருக்க வேண்டும். 1992இல் விவாகரத்தான ஒரு மனைவி சுமார் 20 வருடம் கழித்து முன்னாள் கணவரிடம் பங்கு கேட்டு வந்தபோது, அவருடைய வழக்கு நடக்கலாம் என்று 2015இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. நாளைக்கு எல்லாம் தொலைத்துவிட்டு உங்கள் சேமிப்பில் பங்கு கேட்டு வருவது இவராகவும் இருக்கலாம்.

இதெல்லாம் அடுத்த வாரத்து வேலை. இந்த வாரத்துக்கு ஒன்றே ஒன்று. கடன் நிறுவனத்தின் மின்னஞ்சல் முகவரி அந்தப் பத்திரத்தின் முதல் பக்கத்தில் இருக்கும். "இந்தக் கடன் என் கணவரின் சொந்தக் கடன்களை அடைப்பதற்காக. இதற்கு எனக்குச் சம்மதமில்லை. நான் கையெழுத்துப் போட மாட்டேன்" என்று உங்கள் பெயரில் எழுதி, ஒரு பிரதியை உங்களுக்கே அனுப்பி வைத்துக்கொள்ளுங்கள். வியாழக்கிழமை மாலைக்குள் அனுப்பிவிடுங்கள்.