எக்ஸ்ரே பிறந்த தேதி சொல்லுமா?

கேள்வி: துப்பறியும் தொடர் ஒன்றில், சிறுவர் போட்டியில் வயதை மறைத்து ஆடிய பையனின் கை எக்ஸ்ரேயைப் பார்த்ததுமே டாக்டர், "இவனுக்கு 17 வயது 3 மாதம்" என்று சொல்லிவிடுகிறார். என் மகனுக்கு 15 வயது முடிந்து சில மாதங்கள் ஆகின்றன. 16 வயதுக்கு உட்பட்டோர் கிரிக்கெட்டுக்காக எலும்பு வயதுப் பரிசோதனைக்கு அழைத்திருக்கிறார்கள். நல்ல உயரம், மீசை வேறு அரும்பிவிட்டது. வயது கூடுதலாக வந்தால் பொய் சொன்னோம் என்று ஆகிவிடாதா? – ஒரு தந்தை, திருநெல்வேலி

பதில்: அந்த டாக்டரை எனக்கும் பார்க்க ஆசைதான். முப்பது வருடம் எக்ஸ்ரே பார்த்தாலும் யாராலும் மாதக் கணக்கில் வயது சொல்ல முடியாது. எக்ஸ்ரேயில் தெரிவது எலும்பு எவ்வளவு முதிர்ந்திருக்கிறது என்பது மட்டுமே. பிறந்த தேதி அதில் இல்லை.

எதைப் பார்க்கிறோம் என்று சொல்கிறேன். ஒன்பது வயதுப் பையனின் எக்ஸ்ரேயில், விரல் எலும்பு ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு சிறு தொப்பி தனியாக நிற்கும். நடுவே கறுப்பு இடைவெளி. அதுதான் வளர்ச்சித் தட்டு; குருத்தெலும்பு என்பதால் படத்தில் விழாது. வளர வளர இடைவெளி ஒடுங்கும். முதலில் விரல் நுனிகளில் மூடும், கடைசியாக மணிக்கட்டின் பெரிய எலும்பில். உங்கள் மகன் வயதில் அங்கே பென்சில் கோடு போல ஒரு கறுப்புக் கீற்று மிஞ்சியிருப்பது வழக்கம்.

பி.சி.சி.ஐ. பின்பற்றும் டி.டபிள்யூ.3 முறையில் இடது கையின் 13 எலும்புகளுக்குத் தனித்தனியே மதிப்பெண் போட்டுக் கூட்டி, அதை வயதாக மாற்றுவார்கள். ஆண் பிள்ளைகளுக்கு இந்த அளவுகோல் 16.5 வயதோடு முடிந்துவிடும். கோடு மறைந்தபின் 17 வயதுக்காரன் கையும் 25 வயதுக்காரன் கையும் ஒன்றுதான். 16 வயதுப் பிரிவுக்கு எலும்பு வயது 16.4ஐத் தாண்டக் கூடாது என்று வைத்திருப்பதன் காரணம் இப்போது புரியும்.

சரி, உங்கள் பயத்துக்கு வருவோம். ஒரே நாளில் பிறந்த ஆரோக்கியமான இரண்டு பையன்களில் ஒருவனின் எலும்பு ஓராண்டு முந்தியும் மற்றவனுடையது ஓராண்டு பிந்தியும் இருக்கலாம். சீக்கிரம் பருவமடைந்தவன், உடல் பருமன் உள்ளவன் முந்துவான். ஊட்டம் குறைந்தவன், தைராய்டு சுரப்பு குறைந்தவன் பிந்துவான். நீதிமன்றங்களுக்கும் இது தெரியும். 1982இல் ஜயமாலா வழக்கில், இப்படிச் சொல்லும் வயதில் இரு பக்கமும் இரண்டு ஆண்டு வித்தியாசம் வரலாம் என்றது உச்ச நீதிமன்றம். 2015ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டமும் பள்ளிச் சான்று, பிறப்புச் சான்று இரண்டும் இல்லாதபோதுதான் எலும்புப் பரிசோதனைக்குப் போகச் சொல்கிறது.

ஆக, முடிவு கூடுதலாக வந்தால் அந்த வயதுப் பிரிவில் ஆட முடியாது, அவ்வளவுதான். அது பொய்க்கான சாட்சி ஆகாது. மீசை அரும்பிய பையனுக்கு அப்படி வர வாய்ப்பு உண்டு என்பதையும் மறைக்க விரும்பவில்லை.

வயது மோசடியைப் பெரும்பாலும் காகிதம்தான் பிடித்துக் கொடுக்கும். 2001இல் அமெரிக்காவில் சிறுவர் பேஸ்பால் உலகத் தொடரில் பிராங்ஸ் அணிக்காகப் பந்து வீசி எல்லோரையும் மிரள வைத்தான் டேனி அல்மோன்டே. வயது 12 என்றார்கள். டொமினிக்கன் குடியரசின் பிறப்புப் பதிவேட்டைப் புரட்டியபோது பிறந்த ஆண்டு 1989 அல்ல, 1987 என்று தெரிந்தது. அணியின் வெற்றிகள் ரத்தாயின, அவன் தந்தைக்கு வாழ்நாள் தடை. அதில் கை எக்ஸ்ரே பேச்சே இல்லை.

நீங்கள் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். பிறப்புச் சான்று, பள்ளிச் சான்று, ஆதார் மூன்றிலும் பெயரும் தேதியும் ஒன்றாக இருக்கின்றனவா என்று இப்போதே பாருங்கள். எழுத்துப் பிழை இருந்தால் முறைப்படி திருத்துங்கள். முன்கூட்டியே வெளியில் எக்ஸ்ரே எடுத்துப் பார்க்க வேண்டாம். கதிர்வீச்சு மிகமிகக் குறைவு, அது பிரச்சினை இல்லை. பல மருத்துவமனைகளில் பார்ப்பது கிரூலிக்–பைல் என்ற பழைய படத்தொகுப்பை வைத்து. அந்த எண்ணும் டி.டபிள்யூ.3 எண்ணும் ஒத்துப்போகாது, வீண் கவலைதான் மிஞ்சும். எலும்பு முதிர்வதைத் தள்ளிப்போட மாத்திரை இருக்கிறது என்று யாராவது காதில் போட்டால் விலகி வந்துவிடுங்கள். அதற்காகச் சொல்லப்படும் லெட்ரோசோல், உலக ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பின் தடைப் பட்டியலில் உள்ள மருந்து.

ஒருவேளை எலும்பு வயது இரண்டு ஆண்டுக்கு மேல் முந்தியிருந்தால், கிரிக்கெட்டை ஒரு பக்கம் வைத்துவிட்டு அந்த எக்ஸ்ரேயோடு ஒரு குழந்தைகள் ஹார்மோன் மருத்துவரைப் பாருங்கள். 19 வயதுப் பிரிவுக்கு இந்த எக்ஸ்ரேயால் ஒன்றும் சொல்ல முடியாது. அங்கே உங்கள் கையில் இருக்கும் சான்றிதழ்தான் பேசும்.