மேனேஜர் அப்ரைசலைத் தள்ளிப்போட்டுக்கொண்டே போகிறார். சம்பள உயர்வை எப்படிக் கேட்பது?

கேட்டிருப்பது இதுதான்: வேலைக்குச் சேர்ந்தபோது வருடத்துக்கு ஒருமுறை அப்ரைசல் (பணி மதிப்பீடு) உண்டு என்றார்கள். 18 மாதம் ஆகியும் நடக்கவில்லை. வாய்மொழியாக ஞாபகப்படுத்தினால் மேனேஜர் "பண்ணிடலாம்" என்கிறார், அதோடு சரி. உறவு கெடாமல் எப்படிக் கேட்பது?

நான் அப்ரைசலுக்காகக் காத்திருந்தும் இருக்கிறேன், பிறகு ஒரு குழுவை நடத்தி மற்றவர்களுக்கு அப்ரைசல் எழுதியும் இருக்கிறேன். அந்தப் பக்கம் உட்கார்ந்து பார்த்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். "பண்ணிடலாம்" என்பதில் பெரும்பாலும் சூது எதுவும் இல்லை. மேனேஜரின் மற்ற எல்லா வேலைக்கும் கெடு இருக்கிறது, தவறினால் கேட்க ஆள் இருக்கிறது. உங்கள் அப்ரைசலுக்கு மட்டும் இரண்டும் இல்லை. தள்ளிப்போட்டால் அவருக்கு ஒரு பைசா நஷ்டம் இல்லை, மொத்த நஷ்டமும் உங்களுடையது. போதாததற்கு அப்ரைசல் எழுதுவது சள்ளை பிடித்த வேலை. போன வருடம் நீங்கள் என்ன செய்தீர்கள் என்பது அவருக்குப் பாதி மறந்திருக்கும். பேச உட்கார்ந்தால் சம்பளத்தைக் கேட்பீர்கள் என்றும் தெரியும், அதற்கான பதில் அவர் கையில் இருக்காது. யாராக இருந்தாலும் அடுத்த வாரம் பார்க்கலாம் என்றுதான் தோன்றும்.

அதனால் அப்ரைசலையும் சம்பள உயர்வையும் ஒரே மூச்சில் கேட்காதீர்கள். அப்ரைசல் நடத்துவதாகச் சொன்னது அவர்கள். அதைக் கேட்கக் கூச்சப்பட ஒன்றுமில்லை. உயர்வு என்பது ஒரு முடிவு, அதில் பட்ஜெட், மேலிடம் எல்லாம் கலந்திருக்கிறது. இரண்டையும் சேர்த்துக் கேட்டால், பதில் இல்லாத இரண்டாவது கேள்வியால் முதலாவதும் தள்ளிப்போகும். முதலில் தேதியை வாங்குங்கள். அதுவும் மெயிலில். நடைபாதையில் பார்த்தபோது கேட்டதெல்லாம் கணக்கில் வராது.

இப்படி எழுதலாம்: "என் வருடாந்திர அப்ரைசல் நடக்க வேண்டிய தேதி கடந்து ஆறு மாதம் ஆகிறது. வரும் செவ்வாய் அல்லது வியாழன், முக்கால் மணி நேரம் ஒதுக்க முடியுமா? இந்தக் காலத்தில் நான் செய்த வேலைகளை ஒரு பக்கத்தில் எழுதி முன்கூட்டியே அனுப்பிவிடுகிறேன். சம்பளம் பற்றியும் அன்று பேச விரும்புகிறேன்." அவ்வளவுதான். மன்னிப்பும் வேண்டாம், தொந்தரவுக்கு வருந்துகிறேன் என்பதும் வேண்டாம், குற்றச்சாட்டும் வேண்டாம். சம்பளம் பற்றிய கடைசி வரி உயர்வைக் கேட்பது அல்ல, அன்று பேசப்போவதைச் சொல்லிவைப்பது மட்டும்தான். அதை விட்டுவிடாதீர்கள். முன்பே சொல்லிவைத்தால்தான் மேலே ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வர அவருக்கு நேரம் கிடைக்கும். திடீரென்று கேட்டால் "பார்க்கிறேன்" தவிர வேறு பதில் வராது.

பலரும் கோட்டைவிடும் இடம், உயர்வு எந்தத் தேதியிலிருந்து அமலுக்கு வருகிறது என்பது. உதாரணத்துக்கு வருடம் 8 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். 100 வாங்குகிறவருக்கு முதல் வருட முடிவில் 108, இரண்டாம் வருட முடிவில் 116.64. முதல் வருட உயர்வு நடக்காமலே போய், இரண்டாம் வருட முடிவில் "இந்தா 8 சதவீதம்" என்று கொடுத்தால் அவர் 108-இல் நிற்கிறார். சரியான இடத்துக்கு வர அவருக்கு 8 அல்ல, 16.64 சதவீதம் கொடுத்திருக்க வேண்டும். இனி வரும் ஒவ்வொரு உயர்வும் அந்தக் குறைந்த தொகையின் மேல்தான் கணக்காகும் என்பதால், இந்த வித்தியாசம் தானாகச் சரியாகாது. விலைவாசி வருடத்துக்கு 5 சதவீதம் ஏறுகிறது என்றால், 18 மாதமாக மாறாத சம்பளத்தின் வாங்கும் சக்தி ஏறக்குறைய 7 சதவீதம் குறைந்திருக்கும். ஆகவே "எவ்வளவு" என்பதோடு "எப்போதிலிருந்து" என்பதையும் கேளுங்கள். அப்ரைசல் நடந்திருக்க வேண்டிய தேதியிலிருந்து அரியர்ஸோடு கேட்பது நியாயமானது. கிடைக்காமலும் போகலாம். ஆனால் கேட்டுவைத்தால், அது இல்லாததற்கு ஈடாகச் சதவீதத்தைக் கூட்டித் தர வழி உண்டு.

கேட்பதற்கு முன் உங்கள் பணி நியமனக் கடிதத்தை ஒருமுறை எடுத்துப் படியுங்கள். அப்ரைசல் வருடம் ஒருமுறை நடக்கும் என்று உறுதியாக இருக்கிறதா, நிர்வாகத்தின் விருப்பப்படி என்று இருக்கிறதா? அநேகமாக இரண்டாவதுதான் இருக்கும். அப்படியானால் உரிமை என்ற தொனியில் பேச முடியாது, சொன்ன சொல்லை ஞாபகப்படுத்தும் தொனியில் பேசலாம்.

அந்த ஒரு பக்கக் குறிப்புக்கு வருவோம். என்னைக் கேட்டால் மொத்த விஷயத்திலும் அதிக பலன் தருவது இதுதான். மேனேஜருக்குக் கடைசி இரண்டு மூன்று மாதம்தான் நினைவில் இருக்கும். கடைசி மாதம் ஒரு வேலை சொதப்பியிருந்தால் 18 மாத உழைப்பும் அந்த நிழலில் மறைந்துவிடும். எனவே பழையதிலிருந்து தொடங்கி எழுதுங்கள். "கடுமையாக உழைத்தேன்" என்பதை யாரும் எழுதலாம். "மாதக் கணக்கை முடிக்க ஒன்பது நாள் ஆனது, இப்போது ஐந்து நாளில் முடிகிறது" என்பதை அதைச் செய்தவர்தான் எழுத முடியும். வேலைக்குச் சேர்ந்தபோது இல்லாத எந்தப் பொறுப்பு இப்போது உங்கள் தலையில் இருக்கிறது என்பதைத் தனியாக எழுதுங்கள். யாரோ விலகியபோது அவர் வேலை சத்தமில்லாமல் உங்களிடம் வந்திருக்கும், அதையும். இன்னொன்று: மேனேஜர் மேலே போய் உங்களுக்காக வாதாட வேண்டியிருந்தால், இந்தக் காகிதத்தைத்தான் எடுத்துக்கொண்டு போவார். அவர் அப்படியே எடுத்து ஒட்டக்கூடிய மாதிரி எழுதுங்கள்.

வீட்டு வாடகை, கடன், குழந்தையின் படிப்புச் செலவு எதையும் பேச்சில் கொண்டுவராதீர்கள். மனிதராக அவர் இரக்கப்படுவார், மேனேஜராக அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. "அவனுக்கு அவ்வளவு, எனக்கு இவ்வளவா" என்ற பேச்சும் அப்படித்தான். உடனே பேச்சு உங்களை விட்டுவிட்டு அவனைப் பற்றிப் போய்விடும். இதே வேலைக்கு வெளியே என்ன தருகிறார்கள் என்று விசாரித்து வைத்துக்கொண்டு அதைச் சொல்லலாம்.

எண்ணை யார் முதலில் சொல்வது என்பதில் ஆளுக்கு ஆள் அபிப்பிராயம் உண்டு. என் கட்சி, சந்தை நிலவரம் தெரிந்தால் நீங்களே சொல்லிவிடுவது. டிவர்ஸ்கி, கானமன் என்ற இரண்டு உளவியலாளர்கள் 1974-இல் வெளியிட்ட கட்டுரையில் ஒரு சோதனை வருகிறது. எண்கள் எழுதிய சக்கரத்தைச் சுழற்றிவிட்டு, ஐ.நா.வில் ஆப்பிரிக்க நாடுகள் எத்தனை சதவீதம் என்று கேட்டார்கள். சக்கரம் 10-இல் நின்றதைப் பார்த்தவர்களின் மதிப்பீடு 25 வாக்கில் இருந்தது, 65-ஐப் பார்த்தவர்களின் மதிப்பீடு 45 வாக்கில். சம்பந்தமே இல்லாத எண்ணே இவ்வளவு இழுக்கிறது என்றால், மேனேஜர் முதலில் "3 சதவீதம்" என்று சொல்லிவிட்டால் பேச்சு எங்கே சுற்றும் என்று யோசியுங்கள். எண்ணைச் சொன்னதும் நிறுத்திவிடுங்கள். சங்கடத்தில் நீங்களே "குறைத்தாலும் பரவாயில்லை" என்று பேரம் பேச ஆரம்பிக்காமல் இருப்பதுதான் கஷ்டம்.

"என் கையில் இல்லை" என்பார். அது நிஜமாகவே இருக்கலாம். கோபப்படாமல் இரண்டு கேள்வி கேளுங்கள்: முடிவு யார் கையில் இருக்கிறது, அடுத்த பட்ஜெட் எப்போது முடிவாகிறது? பட்ஜெட் முடிந்த மறுமாதம் போய்க் கேட்டு வருடம் முழுக்கக் காத்திருப்பவர்கள் உண்டு. சிலர் "இப்போதெல்லாம் பெரிய கம்பெனிகளே வருடாந்திர அப்ரைசலை விட்டுவிட்டார்கள்" என்றும் சொல்லிப் பார்ப்பார்கள். உண்மைதான், மென்பொருள் நிறுவனமான அடோபி 2012-இலேயே விட்டது. ஆனால் அதற்குப் பதிலாக வருடம் முழுக்க அடிக்கடி உட்கார்ந்து பேசும் முறையைக் கொண்டுவந்தார்கள். ஒன்றுமே செய்யாமல் இருப்பதற்கு அது சாக்கு ஆகாது.

கூட்டம் முடிந்த அன்றே, பேசியதை நான்கு வரியில் மெயில் அனுப்பிவிடுங்கள். மறுத்திருந்தால் காரணம் என்ன, எதைச் செய்தால் கிடைக்கும், மறுபடி எப்போது பேசுவது என்று தேதியோடு. எழுத்தில் வந்த தேதியும் தவறினால் அப்போது ஹெச்ஆரிடம் போகலாம், மேனேஜரிடம் சொல்லிவிட்டே போங்கள். வெளியே வேலை தேடத் தொடங்குவதும் அந்தக் கட்டத்தில்தான். கையில் இருக்கும் ஆஃபர் லெட்டரைக் காட்டி மிரட்டுவது மட்டும், நிஜமாகவே போகத் தயாராக இருந்தால்தான். "சரி, போய் வாருங்கள்" என்றால் போக வேண்டியிருக்கும்.

உயர்வு இல்லை, ஒரே தவணையாக போனஸ் தருகிறேன் என்றால் வாங்கிக்கொள்ளுங்கள். ஆனால் அடிப்படைச் சம்பளம் அசையவில்லை, அடுத்த உயர்வும் பழைய தொகையின் மேல்தான். அதனால் போனஸுக்கு நன்றி சொல்லும் மெயிலிலேயே சம்பளத்தைப் பற்றிப் பேச அடுத்த தேதியைக் கேட்டுவிடுங்கள்.