மகள் தாவர அறிவியல் படிக்கலாமா?

மலேசியாவில் பல்கலைக்கழகத்துக்கு முந்தைய எஸ்டிபிஎம் தேர்வை முடித்த மகள் தாவர அறிவியல் படிக்க ஆசைப்படுகிறாள், ரப்பர் தோட்டத்தை விட்டு வெளியேறிய குடும்பம் மறுபடியும் மண்ணுக்கா என்று சொந்தக்காரர்கள் கேட்கிறார்கள் என எழுதியிருக்கிறீர்கள். என் அப்பாவிடமும் இதைத்தான் கேட்டார்கள். படிக்க விடுங்கள், சகோதரி.

என் பாட்டி பால்மரம் வெட்டியவர், அதாவது ரப்பர் மரத்தின் பட்டையைக் கீறிப் பால் எடுத்தவர். அவர் வெட்டியது ஆர்ஆர்ஐஎம் 600 என்ற ரகம் என்று பல்கலைக்கழகத்தில்தான் தெரிந்துகொண்டேன். மலாயா ரப்பர் ஆராய்ச்சிக் கழகத்தில் யாரோ பல ஆண்டுகள் மரங்களை இனக்கலப்பு செய்து, பாலை அளந்து, பொறுக்கி எடுத்த மரம் அது. பாட்டியின் வாளி நிறைந்ததில் அந்த ஆராய்ச்சியாளருக்கும் பங்கு உண்டு. அன்றிலிருந்து இந்தத் துறையின்மேல் எனக்குத் தனி மரியாதை.

என் வேலை நெல்லோடு. வெள்ளம் தாங்கும் ரகங்களைச் சோதிக்க, நாற்றுகளைத் தொட்டியில் முழுக்க மூழ்கடித்து 14 நாட்கள் கழித்துத் தண்ணீரை வடிப்போம். சாதாரண நெல் தண்ணீருக்கு மேலே வரத் தவித்து நீண்டு, சேமித்த சர்க்கரையெல்லாம் தீர்ந்து, வெந்த கீரைபோலச் சேற்றில் சாய்ந்துவிடும். சப்1ஏ மரபணு உள்ள நாற்றோ வளர்ச்சியை அடக்கிக்கொண்டு குட்டையாகக் காத்திருக்கும். முதல் சோதனையில், வடித்த நான்காம் நாள், அழுகிய இலைகளுக்கு நடுவே நகக்கண் அளவு பச்சைக் குருத்து. முட்டிபோட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த மரபணு ஒடிசாவின் எஃப்ஆர்13ஏ என்ற நெல்லிலிருந்து வந்தது. 2006இல் அடையாளம் கண்டார்கள். அந்த நெல்லில் விளைச்சல் குறைவு என்பதால், உழவர்கள் விரும்பும் ரகத்தோடு திரும்பத் திரும்பக் கலந்து, 2009இல் இந்தியாவில் ஸ்வர்ணா-சப்1 என்ற வெள்ளம் தாங்கும் ரகம் வெளியானது.

அரிசியில் சத்தைக் கூட்டுவது இன்னும் கடினம். இரும்புச்சத்து பெரும்பாலும் தவிட்டில்தான் இருக்கிறது. ஆலையில் தீட்டினால் போய்விடும். நமக்கோ வெள்ளைச் சோறுதான் இறங்கும். துத்தநாகம் அரிசிக்குள்ளும் தங்குவதால் அதில் வழி பிறந்தது. வங்காளதேசம் 2013இல் துத்தநாக நெல்லையே வெளியிட்டது.

ஒன்றை மறைக்க மாட்டேன். ஆராய்ச்சி நிதி தீர்ந்தால் ஒப்பந்தமும் தீரும். நான் எட்டு மாதங்கள் வேலையில்லாமல் இருந்திருக்கிறேன். உயிரியலோடு புள்ளியியலையும் அவள் விரும்பிப் படிக்கட்டும், அது கைகொடுக்கும்.

விண்ணப்பிக்கும் முன், வயலில் பயிர் நிற்கும் சமயமாகப் பார்த்து நெல் வயல்கள் உள்ள கெப்பாளா பத்தாஸ் ஊர்ப் பக்கம் அழைத்து வாருங்கள். வரப்பில் நின்று பார்க்கிறாளா, செருப்பைக் கழற்றிவிட்டு இறங்குகிறாளா என்று கவனியுங்கள்.