பெட்டி எப்போது வரும்?

போன இதழில் கூட்டுநிதி மூலம், அதாவது பலர் முன்கூட்டியே பணம் போட்டு, வெளிவரும் போர்டு கேம்களைப் பற்றி அரைப் பக்கம் எழுதியிருந்தேன். அதற்கு இத்தனை கடிதம் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. பாதிப் பேர் கேட்டது பணத்தைப் பற்றி, மீதிப் பேர் கேட்டது பெட்டி எப்போது வரும் என்று. 2015 முதல் இன்றுவரை நான் 31 ஆட்டங்களுக்குப் பணம் கட்டியிருக்கிறேன். 26 வந்து சேர்ந்தன, 3 இன்னும் தயாரிப்பில் இருக்கின்றன, 2 வரவே இல்லை. எல்லாவற்றையும் ஒரு நீள நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் பதில் எழுதுகிறேன்.

அக்கா, கிக்ஸ்டார்டரில் ஒரு போர்டு கேமுக்கு 79 டாலர் போடச் சொல்கிறான் என் நண்பன். கடையில் வாங்குவதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? பணம் உடனே போய்விடுமா?
– கல்லூரி மாணவர், ஈரோடு

தம்பி, கிக்ஸ்டார்டர் கடை இல்லை, கூட்டுநிதி திரட்டும் இணையதளம். இதை முதலில் மனசில் வாங்கிக்கொள்ளுங்கள். கடையில் ஏற்கெனவே அச்சாகி அடுக்கில் இருக்கும் பெட்டியை வாங்குகிறீர்கள். இங்கே இன்னும் அச்சாகாத ஒன்றுக்கு முன்பணம் கொடுக்கிறீர்கள். ஆட்டத்தை உருவாக்குகிறவர் ‘எனக்கு இவ்வளவு தேவை’ என்று ஒரு தொகையையும் கெடுவையும் சொல்வார். கெடுவுக்குள் அந்தத் தொகை சேராவிட்டால் யாருடைய கார்டிலிருந்தும் ஒரு பைசா போகாது. சேர்ந்துவிட்டால் கெடு முடியும் நாளில் பணம் எடுப்பார்கள். தளம் 5 சதவீதம் எடுத்துக்கொள்ளும், கார்டு கட்டணம் தனி. அதற்குமேல் கொடுக்கல் வாங்கல் உங்களுக்கும் அவருக்கும்தான். ஆட்டம் வராமல் போனால் தளம் பணத்தைத் திருப்பித் தராது.

நம் ஊர் கார்டில் ஒரு சிக்கல் உண்டு. 2020-ல் ரிசர்வ் வங்கி கொண்டுவந்த விதிப்படி புதுக் கார்டுகளில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை அடைத்தே வரும். வங்கி ஆப்பில் நீங்களே திறக்க வேண்டும். கடைசி நாளில் பணம் எடுக்க முடியாமல் போனால் பதற வேண்டாம், சரிசெய்ய 7 நாள் தருவார்கள்.

அப்புறம், 79 டாலர் என்பது 79 டாலரோடு நிற்காது. என் நோட்டில் 2022-ம் வருடத்துப் பக்கம் ஒன்றை அப்படியே தருகிறேன். ஆட்டம் 59 டாலர். ஒரு வருடம் கழித்து முகவரி கேட்டபோது அனுப்பும் செலவு 28 டாலர். வாசலில் கூரியர்காரர் நீட்டிய சுங்கவரி ரசீது 2,740 ரூபாய். எல்லாம் சேர்த்து 9,700 ரூபாய்க்குப் பக்கத்தில் வந்து நின்றது. நல்ல ஆட்டம், இன்றும் ஆடுகிறோம். ஆனால் கட்டும்போது என் மனசில் இருந்த கணக்கு 5,000 ரூபாய்தான். மாணவராக இருக்கும் நீங்கள் அந்த இரண்டு மடங்கை முதலிலேயே கணக்கில் வைத்துக்கொண்டு முடிவு செய்யுங்கள்.

படங்களைப் பார்த்தால் எல்லா ஆட்டமும் பிரமாதமாகத்தான் தெரிகிறது. எதை நம்பிப் பணம் கட்டுவது? நீங்கள் எப்படித் தேர்ந்தெடுக்கிறீர்கள்?
– பள்ளி ஆசிரியை, மதுரை

நான் ஆடிப் பார்க்காமல் கட்டுவதில்லை. அச்சாகாத ஆட்டத்தை எப்படி ஆடுவது என்று கேட்பீர்கள். தன் ஆட்டத்தின்மேல் நம்பிக்கை உள்ளவர்கள் விதிப்புத்தகத்தின் வரைவைக் கட்டாயம் போட்டிருப்பார்கள். பலர் சீட்டுகளையே நாம் அச்செடுத்துக்கொள்ளும்படி கோப்பாகக் கொடுப்பார்கள்.

போன வருடம் கலங்கரை விளக்கத்தை வைத்து ஒரு ஆட்டம் வந்தது. எல்லோரும் ஒரே பக்கம் சேர்ந்து ஆடுவது. 54 சீட்டு, ஒரு தாளுக்கு 9 வீதம் 6 தாள். தெருமுனை ஜெராக்ஸ் கடையில் கருப்பு வெள்ளையில் எடுத்தேன். தாள் துவளும், அதனால் பழைய சீட்டுக்கட்டைப் பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு, வெட்டிய தாளை அதன் முன்பக்கம் செருகினேன். கலைத்துப் போட விறைப்பாக இருக்கும். ஒரு சாயங்காலம் வெட்டவே போய்விட்டது. ராத்திரி அண்ணன் மகளையும் எதிர்வீட்டு அம்மாவையும் உட்கார வைத்து ஆடினோம். முதல் இரண்டு ஆட்டத்திலும் கப்பல் பாறையில் மோதியது. மூன்றாவது ஆட்டத்தில் பன்னிரண்டு வயதுக்காரி ஒன்றைக் கண்டுபிடித்தாள்: எண்ணெய்ச் சீட்டை யாரும் செலவழிக்காமல் கையிலேயே சேர்த்துக்கொண்டே போனால் தோற்கவே முடியாது. அதோடு ஆட்டத்தின் உயிர் போய்விட்டது.

இதை அப்படியே எழுதி அந்த வடிவமைப்பாளருக்கு அனுப்பினேன். இரண்டே நாளில் பதில் வந்தது. கையில் நான்கு சீட்டுக்குமேல் வைக்கக் கூடாது என்று விதியை மாற்றினார், அடுத்த வாரக் கோப்பில் அந்த மாற்றம் ஏறியிருந்தது. மறுபடி ஆடினோம். எதிர்வீட்டு அம்மா ‘இன்னொரு தடவை போடு’ என்றார். அன்றைக்கே கட்டிவிட்டேன். அந்தப் பதில் வராமல் போயிருந்தால், ஆட்டம் எவ்வளவு நன்றாக இருந்திருந்தாலும் கட்டியிருக்க மாட்டேன்.

அதே மாதத்தில் இன்னொன்று. முழங்கை உயரத்துக்கு ஒரு டிராகன் சிலை, நூற்றுக்கும் மேலே குட்டிச் சிலைகள், சினிமா மாதிரி வீடியோ. விதிப்புத்தகத்தைத் தேடினேன். ‘விரைவில்’ என்று இருந்தது. கடைசி நாள்வரை ‘விரைவில்’தான். அதற்கு நான் கட்டவில்லை.

சிலைகளைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். கேட்ட தொகையைவிட அதிகம் சேர்ந்தால் ‘ஸ்ட்ரெட்ச் கோல்’ என்று கூடுதல் பொருட்களை அறிவிப்பார்கள். நமக்கு இலவசமாகத் தெரியும். ஆனால் பிளாஸ்டிக் சிலை வார்க்க எஃகு அச்சு செய்ய வேண்டும், அதற்கு ஆயிரக்கணக்கான டாலர் ஆகும். பெட்டியின் எடை கூடும், அளவு கூடும். அறிவித்த நாளில் கிடைக்கும் கைதட்டலுக்கான விலையை இரண்டு வருடம் கழித்து அனுப்பும் செலவில் கட்டுவார்கள்.

2015-ல் வந்த எக்ஸ்ப்ளோடிங் கிட்டன்ஸ் நினைவிருக்கிறதா? 10,000 டாலர் கேட்டார்கள், 2,19,000-க்கும் மேற்பட்டவர்கள் சேர்ந்து 87 லட்சம் டாலருக்கு மேல் கொடுத்தார்கள். அவ்வளவு பணம் வந்தும் அது சீட்டுக்கட்டு ஆட்டமாகவே இருந்தது, அதே ஆண்டிலேயே மக்கள் கைக்குப் போய்ச் சேர்ந்தது. சின்னப் பெட்டிக்காரர்களை நான் அதிகம் நம்புவதற்கு இதுவும் ஒரு காரணம்.

நான் பணம் கட்டி இரண்டு வருடம் முடிந்துவிட்டது. மாதா மாதம் ஏதோ காரணம் சொல்கிறார்கள். ஏமாந்துவிட்டேனா?
– வாசகர், சிங்கப்பூர்

மாதா மாதம் எழுதுகிறார்கள் என்றால் பெரும்பாலும் ஏமாறவில்லை. தாமதம் வேறு, ஏமாற்று வேறு.

ஃப்ராஸ்ட்ஹேவன் என்ற ஆட்டத்துக்கு 2020-ல் 83,000 பேர் சேர்ந்து ஏறக்குறைய 1.3 கோடி டாலர் கொடுத்தார்கள். அதற்கு முன்பு அதே வடிவமைப்பாளர் செய்த க்ளூம்ஹேவன் பெட்டியே சுமார் 10 கிலோ, இது அதைவிடக் கனம். பணமும் இருந்தது, அனுபவமும் இருந்தது. அப்படியும் சொன்ன காலத்தைவிட ஒன்றரை, இரண்டு வருடம் தள்ளித்தான் பலருக்குக் கிடைத்தது. காரணம் நமக்கெல்லாம் தெரிந்ததுதான். இந்த ஆட்டங்களில் பெரும்பாலானவை அச்சாவது சீனாவில். அங்கிருந்து அமெரிக்க மேற்குக் கரைக்கு ஒரு 40 அடி கண்டெய்னர் அனுப்ப 2019-ல் 1,500, 2,000 டாலர் ஆனது. 2021-ல், கொரோனா காலத்தில், அது 10,000-ஐத் தாண்டி, உச்சத்தில் 20,000 வரை போனது. ஆனால் நம்மிடம் வாங்கிய தொகை பழைய கணக்கில் வாங்கியது. 2025 ஏப்ரலில் இன்னொரு அடி: சீனப் பொருட்களுக்கு அமெரிக்கா போட்ட வரி 145 சதவீதத்துக்கு ஏறியது. அடுத்த மாதமே குறைந்தாலும், அந்த இடைவெளியில் சின்னப் பதிப்பகங்கள் பல, கப்பலில் ஏற்றுவதா வேண்டாமா என்று தெரியாமல் தவித்தன.

கூரியர்காரர்கள் எடையை மட்டும் பார்ப்பதில்லை. பெட்டியின் நீளம், அகலம், உயரத்தை சென்டிமீட்டரில் பெருக்கி 5,000-ஆல் வகுப்பார்கள். 40க்கு 30க்கு 20 பெட்டி என்றால் 4.8 கிலோ. உள்ளே 3 கிலோதான் இருந்தாலும் கூலி 4.8 கிலோவுக்குத்தான். குட்டிச் சிலைகளுக்குக் குழி வைத்த தட்டு போட்ட பெட்டியில் பாதி காற்றுதான் இருக்கும். அந்தக் காற்றுக்கும் சேர்த்துத்தான் கூலி கொடுக்கிறோம்.

நிஜமான மோசடி எப்படி இருக்கும் என்பதற்கு அமெரிக்காவில் ஒரு வழக்கே இருக்கிறது. ‘தி டூம் தட் கேம் டு அட்லாண்டிக் சிட்டி’ என்று ஒரு போர்டு கேம். 2012-ல் 35,000 டாலர் கேட்டார்கள், 1,246 பேர் சேர்ந்து 1,22,000 டாலருக்கு மேல் கொடுத்தார்கள். அடுத்த வருடம் ஜூலையில் ‘திட்டம் முடிந்தது, ஆட்டம் இல்லை’ என்று அறிவிப்பு வந்தது. திட்டத்தை நடத்தியவர் பணத்தை வீட்டு வாடகைக்கும் சொந்தச் செலவுக்கும் பயன்படுத்தினார் என்று, நுகர்வோர் பாதுகாப்பைக் கவனிக்கும் அமெரிக்க அரசு அமைப்பான ஃபெடரல் டிரேடு கமிஷன் நடவடிக்கை எடுத்தது. 2015 ஜூனில் சமரசமானது. கூட்டுநிதி விஷயத்தில் அந்த கமிஷன் கையில் எடுத்த முதல் வழக்கு அது. 1,11,000 டாலருக்கு மேல் கட்ட வேண்டும் என்று உத்தரவு வந்தும், கட்ட வசதியில்லை என்பதால் அது நிறுத்திவைக்கப்பட்டது. பணம் கட்டியவர்களுக்கு ஆறுதல் வேறு பக்கத்திலிருந்து வந்தது. கிரிப்டோசோயிக் என்ற நிறுவனம் அந்த ஆட்டத்தைத் தானே அச்சிட முன்வந்து, அவர்களுக்கு ஆளுக்கொரு பெட்டி தருவதாகச் சொன்னது. தனக்குச் சம்பந்தமே இல்லாத கடனை ஒருவர் எடுத்துக் கட்டினால் அவரை எப்படி மதிப்போமோ, அப்படித்தான் இன்றும் அந்த நிறுவனத்தை மதிக்கிறேன்.

எனக்கு வராமல் போன இரண்டில் ஒன்றைச் சொல்கிறேன். கடைசியாக வந்த கடிதத்தில் ‘அச்சகத்திலிருந்து மாதிரிப் பெட்டி வந்துவிட்டது, அடுத்த வாரம் படம் போடுகிறோம்’ என்று இருந்தது. அந்த அடுத்த வாரம் நான்கு வருடமாக வரவில்லை. திரும்பப் படித்துப் பார்த்தபோதுதான் உறைத்தது: அதற்கு முந்தைய ஏழு கடிதங்களிலும் ஒரு தேதி இல்லை, ஒரு தொகை இல்லை, அச்சகத்தில் எடுத்த ஒரு படம்கூட இல்லை. உங்களுக்கு வந்த கடிதங்களை அந்தக் கண்ணோடு ஒருமுறை படியுங்கள். கப்பலின் பெயர், துறைமுகம், தாளின் கனம், திருத்திய விதி எண் என்று சலிப்பூட்டும் விவரங்கள் நிறைய இருந்தால் உங்கள் பெட்டி வந்துகொண்டிருக்கிறது.

போர்டு கேம் எங்கள் வசதிக்குக் கட்டுப்படியாகாது. கதை சொல்லி ஆடும் ரோல்பிளேயிங் ஆட்டங்களுக்கும் இப்படிப் பணம் கட்டலாமா? குறைந்த செலவில் முடியுமா?
– மூன்று தோழிகள், கோவை

தாராளமாக. என்னைக் கேட்டால் நம் ஊரிலிருந்து பணம் கட்டுவதற்கு அதைவிடப் பொருத்தமானது வேறு இல்லை. ரோல்பிளேயிங் ஆட்டத்துக்கு ஒரு புத்தகம், பகடைகள், பென்சில், சுற்றி உட்கார மூன்று, நான்கு பேர் போதும். ஒருவர் கதையை நடத்துவார், மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரம். பெரிய நிறுவனங்களும் இப்படித்தான் வெளியிடுகின்றன: 2021-ல் அவதார் லெஜெண்ட்ஸ் என்ற ரோல்பிளேயிங் புத்தகத்துக்கு 81,000-க்கும் மேற்பட்டோர் 95 லட்சம் டாலர் கொடுத்தார்கள்.

உங்களுக்கு நான் சொல்வது பிடிஎஃப். அநேகமாக எல்லா ரோல்பிளேயிங் திட்டத்திலும் பிடிஎஃப் மட்டும் வாங்கிக்கொள்ள ஒரு தொகை இருக்கும். கப்பல் இல்லை, சுங்கம் இல்லை, மழையில் நனையும் அட்டைப்பெட்டி இல்லை. 2019 பிப்ரவரியில் கிக்ஸ்டார்டர் ‘ஜைன் குவெஸ்ட்’ என்று ஒன்றைத் தொடங்கியது. மடித்து ஸ்டேப்ளர் அடித்த சிற்றேடு அளவுக்குச் சின்னச் சின்ன ரோல்பிளேயிங் ஆட்டங்கள், பெரும்பாலும் ஒற்றை ஆள் எழுதி ஒற்றை ஆள் வரைந்தவை. பிடிஎஃப் சில டாலருக்குள் கிடைத்துவிடும்.

என் அலமாரியில் அப்படி ஒன்று இருக்கிறது. 48 பக்கம், வெள்ளத்தில் மூழ்கிய ஊருக்குத் திரும்பிப் போகிறவர்களின் கதை. ஜெராக்ஸ் கடைத் தம்பி இரண்டு பக்கமும் அச்செடுத்து ஸ்பைரல் போட்டுக் கொடுத்தார், மேலே ஒரு நீலப் பிளாஸ்டிக் அட்டை. ஓரமெல்லாம் பென்சில் குறிப்பு, நடுவில் டீக்கறை. என்னிடம் உள்ள 9,700 ரூபாய்ப் பெட்டியைவிட அதைத்தான் அதிகம் கையில் எடுத்திருக்கிறேன். மூன்று பேர் போதும், உங்களில் ஒருவர் கதை நடத்துங்கள்.

நானே ஒரு ஆட்டம் வடிவமைத்திருக்கிறேன். இந்தியாவிலிருந்து கிக்ஸ்டார்டரில் போட முடியுமா?
– வாசகர், திருச்சி

நேரடியாக முடியாது. திட்டம் தொடங்க அனுமதி உள்ள நாடுகளின் பட்டியலில் இந்தியா இல்லை. சிங்கப்பூர் இருக்கிறது, அமெரிக்கா, பிரிட்டன், கனடா இருக்கின்றன. அங்கே நம்பிக்கையான கூட்டாளி இருந்தால் அவர் பெயரில் செய்யலாம், ஆனால் பணமும் பொறுப்பும் சட்டப்படி அவருடையதாகிவிடும். எழுத்தில் ஒப்பந்தம் போடாமல் இறங்காதீர்கள். அதற்கு முன் விதிப்புத்தகத்தை எனக்கு அனுப்புங்கள். எண்ணெய்ச் சீட்டைக் கண்டுபிடித்தவள் இப்போது எட்டாம் வகுப்பு, லீவில்தான் இருக்கிறாள்.

இரண்டு வருடம் காத்திருந்து பெட்டி வந்தது. எண்ணிப் பார்த்தால் ஒரு சீட்டு குறைகிறது. அவ்வளவுதானா?
– வாசகி, சென்னை

இல்லை, எழுதுங்கள். எந்தச் சீட்டு, அதன் எண் என்ன, எந்தப் பதிப்பு என்று குறிப்பிட்டு, இருக்கும் சீட்டுகளைப் பரப்பி ஒரு படம் எடுத்து அனுப்புங்கள். மாற்று அனுப்புவதற்கென்றே கொஞ்சம் கூடுதலாக அச்சிட்டு வைத்திருப்பார்கள். எனக்கு ஒருமுறை 37-ம் எண் சீட்டு இல்லை. சீட்டு வரும்வரை ஒரு கல்யாணப் பத்திரிகையின் அட்டையை அளவாக வெட்டி, அதில் எழுதி வைத்து ஆடினோம். ஆறு வாரம் கழித்து ஒரு தபால் உறை வந்தது. இரண்டு அட்டைகளுக்கு நடுவே 37-ம் சீட்டு, அதோடு வடிவமைப்பாளர் கைப்பட ‘மன்னிக்கவும்’ என்று எழுதிய துண்டுத்தாள். இரண்டையும் பெட்டிக்குள்ளேயே வைத்திருக்கிறேன்.